பொன்முடிக்குப் போன பாஸ்போர்ட்

செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. நாலு வீடு தள்ளியிருக்கும் கோமதி மாமியின் வீட்டிலிருந்து ஒரு துணிப்பையை வாங்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போக வேண்டும்.

துணிப்பைக்குள் என் பாஸ்போர்ட் இருந்தது.

என் பாஸ்போர்ட் ஏன் கோமதி மாமியின் வீட்டில் இருந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டாக்ஸி டிரைவரும் அதைத்தான் கேட்டார். வழி நெடுகக் கேட்டார்.

முதலில் பயணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் சாரு இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அந்த நாட்டின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் காலை நீட்டிப் படுத்திருக்கிற மாதிரி, கார்ன்வால் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே ஒரு மீனவ கிராமத்தில் ஒரு வாரத்துக்கு ஒரு கல்வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். கிராமத்தில் இப்போது மீனவர்களைத் தவிர எல்லாரும் இருக்கிறார்களாம்.

போவதற்குக் கோடை முடிகிற சமயம்தான் நல்லதாம். பள்ளிக்கூடம் திறந்து குழந்தைகள் ஊர் திரும்பிவிடுவார்கள், வாடகை குறைந்துவிடும், மாதக்கணக்கில் வெயில் குடித்த கடல் அப்போதுதான் வெதுவெதுப்பாக இருக்கும் என்றாள். எவ்வளவு வெதுவெதுப்பு என்று கேட்டேன். சொன்னாள். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொஞ்ச நேரம் மேஜைமேல் வைத்தால் அந்தச் சூடு வந்துவிடும்.

அப்பேர்ப்பட்ட கோடைக்கு நான் எடுத்து வர வேண்டியவை என்று அனுப்பினாள். ஸ்வெட்டர், கம்பளிக் காலுறை, காதை மூடும் குல்லாய், கணுக்கால் வரைக்கும் ஒரு மழைக்கோட்டு. குளிர்காலத்துக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வயதானவள், தாங்க மாட்டேன்.

சாரு எதையும் திட்டம் போட்டுத்தான் செய்வாள். எந்த நாள் எந்தக் கடற்கரை, எங்கே டீ, எங்கே எனக்குக் கழிப்பறை, எல்லாம் அட்டவணையாக வந்தது. அந்த ஊரில் ஒரு சின்னத் தீவு இருக்கிறது. கடல் உள்வாங்கும்போது அதற்கு நடந்தே போகலாம், கடல் ஏறினால் பாதை முழுகிவிடும். ஆகவே கடல் என்றைக்கு எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று ஒரு தனி அட்டவணை.

"இதுக்கும் கோமதி மாமி பாக்கற ராகு காலத்துக்கும் என்னடி வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"அம்மா, இது சயன்ஸ்," என்றாள்.

கல்லூரியில் முப்பது வருஷம் ஆங்கிலக் கவிதை நடத்தியவள் நான். சாம்பல் நிற அலை, பாறையில் மோதும் காற்று, மூடுபனிக்குள் ஒற்றை மணியோசை என்று உருகி உருகிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "டீச்சர் அந்தக் கடலைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டேன்.

கார்ன்வாலுக்கு இது நான்காவது முயற்சி. முதல் தடவை இவருக்கு உடம்பு சரியில்லை. அடுத்த தடவை இவரே இல்லை. மூன்றாம் தடவை விசா வந்து சேர்வதற்குள் அவர்கள் கோடை முடிந்து, சாருவின் லீவும் முடிந்துவிட்டது. அவளுக்கு வருஷத்தில் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது அந்த ஒரு வாரம்தான்.

இந்தத் தடவை டிக்கெட்டை அனுப்பிவிட்டு அவள் சொன்னாள்: "இப்பவும் நடக்கலேன்னா இனிமே நான் உன்னைக் கூப்பிட மாட்டேம்மா." கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். பால்காரனிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்பது போலச் சொன்னாள். 

டிக்கெட் செவ்வாய்க்கிழமைக்கு. செவ்வாய்க்கிழமைதான் மலிவாம். ஏன் மலிவு என்று கோமதி மாமிக்குத் தெரியும்.

கோமதி மாமி எங்கள் தெருவின் பஞ்சாங்கம். மலையாள தேசத்துத் தலைநகரில், பழைய கோட்டைக்குள் இருக்கும் எங்கள் தெருவில் மாமியைக் கேட்காமல் யாரும் வெளியூருக்குப் போவதில்லை. நான் கேட்கவில்லை. மாமியே வந்துவிட்டாள்.

"செவ்வாய்க்கிழமை வடக்கே சூலமாக்கும், டீச்சர். போறாததுக்கு அன்னிக்கு உங்க நட்சத்திரத்துக்கு சந்திராஷ்டமம் வேற. வேற நாளே கிடைக்கலையா சாருவுக்கு?"

இங்கிலாந்து வடக்கு இல்லை, மேற்கு என்றேன். மாமி தன் பேரனின் தேசப்படத்தைக் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தோம். வடமேற்கு. பாதி சூலம் உண்டு என்று மாமி தீர்ப்புச் சொன்னாள்.

இதற்குப் பரிகாரம் இருக்கிறது. பெயர் பரஸ்தானம். கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் நல்ல நேரம் பார்த்து, பயணத்தில் கொண்டுபோகிற சாமான் ஒன்றை மட்டும் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். சாமான் நல்ல வேளையில் கிளம்பிவிட்டது, ஆகவே நீங்களும் கிளம்பிவிட்டீர்கள். நிஜமாகப் போகும் நாளில் வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, வெளியே போன சாமான் மறுபடி உங்கள் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது. இதைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் வக்கீலாக இருந்திருப்பார்.

மாமி கேட்டது ஒரு புடவை. கூட ஒரு மஞ்சள் துண்டு, ஒரு பிடி அரிசி. அவ்வளவே.

புடவையைக் கொடுத்துவிட்டு நான் என் வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் நான் எம்.ஏ. படித்தவள். மாமியைத் தர்க்கத்தில் மடக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஓர் அரிப்பு.

"மாமி, எது இல்லாம நான் பிரயாணமே போக முடியாதோ, அதைத்தானே வைக்கணும்?"

"ஆமாம்."

"புடவை இல்லேன்னா சாருவோட பேண்டைப் போட்டுண்டு போயிடலாம். பாஸ்போர்ட் இல்லேன்னா ஏர்போர்ட் வாசல்லயே நிறுத்திடுவான். அப்போ சாஸ்திரப்படி பாஸ்போர்ட்டைத்தானே வைக்கணும்?"

மாமி மடங்குவாள் என்று பார்த்தேன். மாமி யோசித்தாள்.

"நீங்க சொல்றது வாஸ்தவமாக்கும்," என்றாள். "ஆனா அவ்வளவு பெரிய வஸ்துவை வாங்கி வெச்சுக்க எனக்குப் பயமாயிருக்கே."

"நாலு வீடுதானே மாமி," என்றேன். இப்படியாகத் தர்க்கத்தில் ஜெயித்தேன்.

திங்கட்கிழமை காலை நல்ல நேரத்தில் பாஸ்போர்ட்டைத் துணிப்பையில் போட்டு மாமி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாமி அதைச் சாமி முன்னால் வைத்து, குங்குமம் இட்டு, உள்ளே அரிசியும் மஞ்சளும் வைத்து மூடினாள். விசாவுக்கு என்னை நாய்படாத பாடு படுத்தினவர்கள்கூட அதற்கு இவ்வளவு மரியாதை செய்யவில்லை.

மறுநாள் காலை செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாமியின் மகன் பாலாஜி ஓணத்துக்காகப் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் கார் என் வாசலைத் தாண்டிப் போனது. முன் சீட்டில் மாமி. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி என்னவோ சொன்னாள். கார்க் கண்ணாடி மூடியிருந்தது. நானும் கையை ஆட்டினேன். பாவம், பிள்ளை வந்திருக்கிறான், எங்கேயாவது சந்தோஷமாகப் போய்வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியின் மடியில் ஒரு துணிப்பை இருந்ததையும் பார்த்தேன். புளியோதரை என்று நினைத்தேன்.

விமானம் என்னவோ சாயங்காலம்தான். ஆனால் சாருவின் திட்டப்படி நான் ஏறக்குறைய விமானத்தைத் தயார் செய்கிறவர்களோடு போய்ச் சேர வேண்டும். அதனால் டாக்ஸி முற்பகலிலேயே வந்துவிட்டது. டிரைவர் செல்வராஜுக்கு வள்ளியூர்ப் பக்கம், இங்கே பல வருஷமாக வண்டி ஓட்டுகிறார். பெட்டிகளை ஏற்றினார். பெட்டியில் இடம் இல்லாததால் மழைக்கோட்டை நான் போட்டுக்கொண்டேன். புடவைக்குக் கீழே, சாருவின் உத்தரவுப்படி, விளையாட்டு வீரர்கள் போடுகிற ஷூ. கண்ணாடியில் பார்த்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று தோன்றியது.

வீட்டைப் பூட்டினேன். நாலு வீடு தள்ளி வண்டி நின்றது.

மாமி வீட்டில் பூட்டுத் தொங்கியது.

மாமிக்குப் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் மலையாளத்தில் சொன்னாள். பிறகு இங்கிலீஷில் சொன்னாள். இரண்டிலும் அவளுக்கு வருத்தமே இல்லை.

எதிர்வீட்டு ராமன் சார் வாசலில் நின்றார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் நடப்பது அத்தனையும் பார்ப்பார், கேட்டால் மட்டும் சொல்வார். கேட்டேன்.

"பொன்முடி மலைக்குப் போயிருக்கா. வர சாயங்காலமாயிடும். நேத்தே எனக்குத் தெரியும்," என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சமும் தாமதிக்காமல் பூட்டை உடைத்துவிடலாம் என்றார். தன் வீட்டில் நல்ல சுத்தியல் இருப்பதாகவும் சொன்னார். சாக்கடைத் தண்ணீர் விஷயத்தில் அவருக்கும் மாமிக்கும் வெகுநாளாகப் பேச்சு இல்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சுத்தியல் கையோடு வந்துவிட்டது.

"நான் உடைக்க மாட்டேம்மா," என்றார் செல்வராஜ். "ஏர்போர்ட் சவாரின்னுதான் என்னைக் கூப்பிட்டீக."

சுத்தியல் பூட்டை நெருங்கும்போது என் போன் அடித்தது. மாமி.

"டீச்சர், கேக்கறதா? இங்க ஒரு வளைவுல மட்டும் சிக்னல் வரது. உங்க பையைப் பத்தி நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கோ. என் மடியிலதான் இருக்கு."

சுத்தியலை நிறுத்தும்படி ராமன் சாருக்குக் கை காட்டினேன்.

"மடியிலயா? எதுக்கு மாமி?"

"ஓணச் சமயம், திருட்டு ஜாஸ்தி. ஆளில்லாத ஆத்துல உங்க பாஸ்போர்ட்டை விட்டுட்டு வர எனக்கு மனசு வரலை."

"காலம்பற என் வாசல் வழியாத்தானே போனேள்? குடுத்திருக்கலாமே."

"அது எப்படிக் குடுப்பேன்? போன சாமான் திரும்பி உங்காத்துக்குள்ள வரப்படாதோன்னோ? பரஸ்தானம் கெட்டுப்போயிடுமே."

இந்தத் தடவை தர்க்கத்தில் மாமி ஜெயித்தாள்.

மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று பாலாஜி சொன்னானாம். மலைப்பாதையில் வண்டி வரிசையாக நிற்கிறதாம். எப்படியாவது கீழே கல்லாறு வரைக்கும் வந்துவிடுகிறோம் என்று மாமி சொல்வது பாதி கேட்டது. அப்புறம் அந்த வருத்தமில்லாத பெண் வந்துவிட்டாள்.

ராமன் சார் சுத்தியலைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"அப்ப உங்க பாஸ்போர்ட்டு ஊரு சுத்தப் போயிட்டு," என்றார் செல்வராஜ். "பெட்டியும் நாமளும் இங்க நிக்கோம்."

கல்லாற்றுக்குப் போகச் சொன்னேன். விமான நிலையம் மேற்கே இருப்பதை எனக்கு நினைவுபடுத்தினார். தெரியும் என்றேன். பயணச் சீட்டு விவரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, போய்வர நேரம் இருக்கிறது, ஆனால் ஓணக் கூட்டத்தில் எதுவும் சொல்ல முடியாது என்றார். வண்டியைத் திருப்பினார்.

திருப்பிய வண்டி பழவங்காடியில் நின்றது. பிள்ளையார் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. தேங்காய் உடைகிற சத்தம், பேருந்துகளின் ஹார்ன், புதுத்துணி வாங்கப் போகிறவர்கள், வாங்கி வருகிறவர்கள். இறங்கி ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வாருங்கள், வண்டி எப்படியும் நகராது என்று செல்வராஜ் யோசனை சொன்னார். எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். மடியில் பாஸ்போர்ட் இல்லாதவள் பேசுகிற பேச்சா அது? இறங்கினேன்.

மழைக்கோட்டும் ஷூவுமாக நான் நடந்தபோது கூட்டம் தானாக விலகியது. தேங்காயை ஓங்கி எறிந்தேன். அது உடையவில்லை, உருண்டு என்னிடமே வந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் அதை எடுத்துக் கொடுத்து, கொஞ்சம் கோபத்தோடு எறியச் சொன்னார். பாலாஜியை நினைத்துக்கொண்டு எறிந்தேன். பொடிப்பொடியானது.

ஊரைத் தாண்டியதும் சாலை வடக்கே திரும்பியது. செவ்வாய்க்கிழமை, வடக்கே சூலம். இங்கிலாந்துக்குப் பாதிச் சூலம்தான். கல்லாற்றுக்கு முழுச் சூலம்.

நெடுமங்காட்டைத் தாண்டும்போது சாரு வீடியோவில் கூப்பிட்டாள். வெட்டிவிட்டுச் சாதாரணமாகக் கூப்பிட்டேன். நெட் சரியில்லை என்றேன். நான் அன்றைக்குச் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் உண்மை.

"கிளம்பிட்டியா?"

"கிளம்பிட்டேன்."

"பாஸ்போர்ட் எங்க?"

"பையில."

"பை எங்க?"

"மடியில."

யார் மடியில் என்று அவள் கேட்கவில்லை.

விசா முடிகிற தேதியை ஒருதரம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு என்றாள். கண்ணாடியைப் பெட்டியில் வைத்துவிட்டேன், போய்ச் சேர்ந்ததும் அனுப்புகிறேன் என்றேன். கண்ணாடி மூக்கில் இருந்தது. ஆகவே பொய் இரண்டு.

"வழியில நிக்காதேம்மா. நேரே ஏர்போர்ட் போ. நான் இங்க வார்டுல ஷிஃப்டெல்லாம் மாத்திண்டு, யார் யார் கையையோ காலையோ பிடிச்சு இந்த லீவை வாங்கியிருக்கேன். தெரியுமோன்னோ?"

தெரியும் என்றேன். ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் வரிசையாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் என்னை விமான நிலையத்திலிருந்து ஒரு மரம் தூரம் தள்ளி வைத்தது. போனை வைத்த பிறகு, அந்தப் பால்காரக் குரல் காதிலேயே இருந்தது. போன வருஷங்களில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எத்தனை வாரங்கள் இப்படி ஆவியாகிப் போயின என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். உடனே நிறுத்திக்கொண்டேன். சில கணக்குகளை ஓடுகிற வண்டியில் போடக் கூடாது.

வித்துராச் சந்தையில் மறுபடி நெரிசல். வாழைக்குலைகளுக்கும் பூக்கடைகளுக்கும் நடுவில் வண்டி எறும்பாக ஊர்ந்தது.

"அம்மா காலேஜ்ல பாடம் எடுத்தீகன்னு சொன்னீகள்லா?" என்றார் செல்வராஜ்.

"ஆமாம்."

"சரி," என்றார். முன்கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு ஹார்னை அடித்தார். அந்தப் பழைய கேள்வியையே கேட்டிருந்தால் தேவலை.

கல்லாற்றுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கார்ன்வாலுக்கென்று வாங்கிய கோட்டு பொன்முடி அடிவாரத்தில் நனைந்தது. ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த பையன்கள் என்னைப் பார்த்துவிட்டு மூழ்குவதை நிறுத்தினார்கள். ஏதோ காட்டிலாகா அதிகாரி என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவன் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டான்.

சாலையோரம் நின்ற வண்டிகளுக்குள் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனேன். டீக்கடை ஓரத்தில் பாலாஜியின் கார் இருந்தது. அவனும் மனைவியும் குழந்தைகளும் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பாலாஜி பஜ்ஜியை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கார் கதவைத் திறந்தான்.

முன் சீட்டில் மாமி. மடியில் பை. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள்.

வழியெல்லாம் நான் தயார் செய்து வைத்திருந்த வசனங்கள் இருந்தன. நன்றாகவே வந்திருந்தன. ஒன்றிரண்டில் எதுகைகூட அமைந்திருந்தது. ஒன்றைச் சொல்வதற்குள் மாமியின் மருமகள் குறுக்கே வந்தாள்.

"அம்மா மலைமேல ஒரு இடத்துலயும் இறங்கவே இல்லை, ஆன்ட்டி. மூடுபனி, புல்வெளி எதையும் பார்க்கலை. டீகூடக் குடிக்கலை. கார்லயே உக்காந்துண்டு, பையை வெச்சுட்டு வர மாட்டேன்னு ஒரே பிடிவாதம்."

"பத்துப் பேர் வர இடம். நான் எப்படி இறங்குவேன்?" என்றாள் மாமி. "பொன்முடி எங்க போறது? அடுத்த தடவை பாத்துக்கலாம்."

என் வசனங்கள் எதுகையோடு உள்ளேயே இறங்கிவிட்டன. இருந்தாலும் ஒன்றாவது சொல்லாமல் விட மனசில்லை.

"இதெல்லாம் வேண்டாம்னு நான் முதல்லயே தலைதலையா அடிச்சுண்டேன் மாமி. ப்ளேன் போயிடுத்துன்னா சாரு முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

ஆகவே பொய் மூன்று. மாமியின் முகம் சிறுத்துப்போனது.

"நீங்க என்னைத் திட்டுங்கோ. ஆனா அந்தப் பொண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டு நான் எப்படிச் சும்மா இருக்க முடியும்?"

"எந்தப் பொண்ணு?"

மாமி வாயை மூடிக்கொண்டாள். காலம் கடந்துவிட்டது.

"மாமி. எந்தப் பொண்ணு?"

"சாருதான். அவதான் எனக்குப் போன் பண்ணினா. டிக்கெட் எடுத்த அன்னிக்கே. நாள் எப்படின்னு பாத்துச் சொல்லுங்கோ மாமி, ஏதாவது தோஷம் இருந்தா என்ன பண்ணணுமோ பண்ணிடுங்கோ, அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்கோ, சிரிப்பான்னா. மூணு தடவை தட்டிப்போச்சே, இந்தத் தடவையாவது அம்மா வந்து சேரணும்னு திரும்பத் திரும்பச் சொன்னா, டீச்சர். அப்புறம் நான் என்ன, ஒரு புடவையை வாங்கி மூலையில போட்டுட்டுப் பொன்முடிக்குப் போயிடுவேனா?"

மழை காரின் கூரையில் பெய்துகொண்டிருந்தது. கீழே ஆறு கல்லில் அடித்துக்கொண்டு ஓடியது. இரண்டு சத்தமும் ஒன்றுதான், ஒன்று மேலே, ஒன்று கீழே. நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். சயன்ஸ் படித்த என் மகள். கடல் ஏறி இறங்கும் அட்டவணை போடுகிறவள். இரவு வேலை முடிந்து, கோட்டைக்குள் இருக்கும் ஒரு மாமிக்குப் போன் போட்டு, அம்மாவுக்கு நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறாள்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சிரிப்பேனாம்.

"பையைக் குடுங்கோ மாமி," என்றேன். கையை நீட்டினேன்.

மாமி பையைக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தாள். "நேரே ஏர்போர்ட்டுக்குப் போங்கோ. வழியில உங்காத்துக்குள்ள நுழைஞ்சுடாதீங்கோ."

"நுழையறதுக்கு நேரம் எங்க மாமி இருக்கு?"

செல்வராஜ் திரும்பி ஓட்டிய ஓட்டத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அவர் குடும்பஸ்தர், லைசென்ஸ் வேண்டும். வித்துராவில் ஒருமுறை கண்ணை மூடினேன், நெடுமங்காட்டில் திறந்தேன். பேரூர்க்கடையில் செண்டைமேளத்தோடு ஓண ஊர்வலம் ஒன்று குறுக்கே வந்தது. மாவலி மன்னர் வேஷம் போட்டவர் நிதானமாக, ஒரு ராஜா எப்படி நடப்பாரோ அப்படி நடந்தார். செல்வராஜ் கண்ணாடியை இறக்கி, அம்மாவுக்குப் ப்ளேனுக்கு நேரமாகிவிட்டது என்று கத்தினார். மாவலி என்னை ஏறிட்டுப் பார்த்தார். மழைக்கோட்டைப் பார்த்தார். குடையை உயர்த்தி வழிவிடச் சொன்னார். இவளுக்கு ஏதோ பெரிய கஷ்டம் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது.

கவுண்டரை மூடப் போகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். அங்கே இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பிரித்தாள். அரிசி கொட்டியது. மஞ்சள் துண்டு உருண்டு கம்ப்யூட்டருக்கு அடியில் போனது. குங்குமம் என் போட்டோவில் நெற்றிக்கு நேராக விழுந்திருந்தது. அவள் மலையாளத்துப் பெண். எதுவும் கேட்கவில்லை. ஊதிவிட்டு போர்டிங் பாஸைக் கொடுத்தாள்.

குடியேற்ற அதிகாரிதான் கேட்டார். எங்கே போகிறீர்கள்? கார்ன்வால். எதற்கு? மகளோடு ஒரு வாரம் கடல் பார்க்க. கடலா, அது இந்த மதிலுக்கு அந்தப் பக்கமே இருக்கிறதே, சங்குமுகம், ஆட்டோவில் போனால் ஐந்து நிமிஷம்கூட ஆகாதே என்று மலையாளத்தில் ஆச்சரியப்பட்டார். விளக்கலாம் என்று பார்த்தேன். கூட்டம் பின்னால் நின்றது. சும்மா சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து விசாப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"பாஸ்போர்ட் மேல என்னம்மா சிவப்பா?"

"குங்குமம்."

மறுமுனையில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது, அவளுடைய ஆஸ்பத்திரி வராந்தாவில்.

"மாமி சொல்லிட்டாளா?" என்றாள் கடைசியில்.

"சொல்லிட்டா."

"சிரிச்சியா?"

"இல்லைடி."

அவள் மூக்கை உறிஞ்சினாள். நானும் மழைக்கோட்டுப் பையில் கைக்குட்டையைத் தேடினேன். விமானத்தில் ஏறக் கூப்பிட்டார்கள்.

"இந்த மாமிகிட்ட ஒண்ணை நம்பிக் குடுத்தா பத்திரமாவே இருக்காது," என்றாள் சாரு.

"அளவுக்கு மீறிப் பத்திரமா இருக்கும்," என்றேன். "வந்து சொல்றேன்."